ஓட்டு பிரியாமல் இருக்க என்ன வழி? குமரியில் இருந்து ஒரு கணக்கு

தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர் சாயாக்கடையில் அதிகம் காதில் விழுவது, "ஓட்டு பிரிஞ்சிரும்" என்ற பேச்சுதான். பிடித்தவருக்குப் போடுவதை விட்டுவிட்டு, பிடிக்காதவரைத் தடுக்கப் போடுகிறோம்.

அந்தப் பயம் வீணல்ல. கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் 2014-ல் பாஜக, காங்கிரஸ், அதிமுக, திமுக தனித்தனியே மோதின. பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் சுமார் 3.73 லட்சம் ஓட்டில் ஜெயித்தார். பதிவானதில் அது 38 சதவீதம்கூட இல்லை. 2019-லும் அவருக்கு 3.67 லட்சம் விழுந்தது. ஆனால் காங்கிரசின் வசந்தகுமாருக்குத் திமுகவும் இடதுசாரிகளும் துணை நின்றதால், 2.5 லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ராதாகிருஷ்ணன் தோற்றார். யார் ஜெயித்தார் என்பதல்ல என் கவலை. ஏறக்குறைய அதே ஓட்டு ஒரு முறை வெற்றியாகவும் மறுமுறை பெரிய தோல்வியாகவும் ஆகிறது.

இதற்கு எளிய மருந்து, ஆஸ்திரேலியக் கீழவைக்குச் செய்வதுபோல வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். ஓட்டு பிரியும் பயம் பெரும்பாலும் போய்விடும். சரி, கடற்கரை மக்களுக்கு இது உதவுமா? ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் மீனவர் ஊர்கள் கன்னியாகுமரி, குளச்சல், கிள்ளியூர் என மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் சிதறி, மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவு. வரிசை எண் அதை மாற்றாது.

விகிதாசாரம், அதாவது கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் முறை, மாற்றும். 2014-ல் தமிழகத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய திமுகவுக்கு 39-ல் ஒரு இடமும் கிடைக்காத அநியாயம் அதில் நடக்காது. ஆனால் ஆளுக்கு இல்லாமல் வெறும் கட்சிப் பட்டியலுக்கு ஓட்டு என்றால், பெயர்களைச் சென்னையில் இருந்துதான் எழுதுவார்கள். இலங்கையில் பட்டியலில் பிடித்தவரைக் குறிக்கும் விருப்பு வாக்கு இருக்கிறது; அங்கே ஒரே கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் முந்தப் பார்க்கிறார்கள்.

எனக்குச் சரியென்று படுவது அயர்லாந்து வழி. நம் மாவட்டத்தின் 6 எம்.எல்.ஏ. இடங்களையும் ஒரே தொகுதியாக்கி, 1, 2, 3 எழுதுவது. ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 14.3 சதவீதம் சேர்ந்தால் ஓர் இடம் உறுதி. கடற்கரை ஊர்கள் ஒன்றாக நின்றால் அந்த அளவை எட்டிப் பார்க்கலாம். நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவதும் இப்படி எண் எழுதித்தான். அவர்களுக்குப் பழகியது நமக்கும் பழகும்.

குறை உண்டு. எண்ண நேரமாகும். அப்புறம், ரோடு சரியில்லை என்றால் ஆறு பேரில் யார் வீட்டுக்குப் போவது? இப்போது பலர் போய் நிற்பது தாங்கள் ஓட்டுப் போடாதவர் வாசலில்தான். ஆறு பேர் இருந்தால், நாம் எண் எழுதிய ஒருவராவது அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.