சைக்கிளில் போனவர் மீது கார் மோதினால்: 164-ஆ, 166-ஆ?

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. அதனால், மோதிய வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்க முடியாது என்று பல குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. அது தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

பிரிவு 164-இல் யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அவ்வளவுதான்.

பிரிவு 166-இல் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. மாதம் 15,000 சம்பாதித்த, 35 வயது தச்சர் ஒருவர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1.8 லட்சம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2.52 லட்சம். அவரை நம்பி நான்கு பேர் இருந்தால், சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழிப்பார்கள், மீதி 1.89 லட்சம். இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 35 வயதுக்கு அது 16. ஆக, 30.24 லட்சம்! சைக்கிளில் விளக்கு இல்லை, பாதித் தப்பு அவருடையது என்று மனுவை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொன்னாலும் 15 லட்சத்துக்கு மேல் வரும்.

அப்புறம், 164-இன் பணத்தை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். சம்பாதிப்பவரை இழந்த வீடு அவசரத்தில் அந்த 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. சாட்சியே இல்லை, தப்பும் பெரும்பாலும் சைக்கிள்காரருடையது என்றால் மட்டும் 164-ஐ எடுக்கலாம்.