துருவிய வாழைக்காயா, பிசைந்த சோளமாவா?

டிசம்பர் நெருங்கினால் கரீபியனின் இரண்டு தீவுகளில் வாழை இலைக்குத் தனி மதிப்பு வந்துவிடும். பூரணம் வைத்து இலையில் மடித்து வேகவைக்கும் பண்டம்தான் காரணம்: புவெர்ட்டோ ரிக்கோவில் அது பாஸ்டெலெஸ், டிரினிடாடில் பாஸ்டெல். பெயரில் உறவு, உள்ளே இறைச்சி, ஆலிவ், கேப்பர் என்கிற ஊறவைத்த பூமொட்டு, விரும்புகிறவர்களுக்கு உலர்திராட்சை. இருந்தாலும் இரண்டையும் செய்து பார்த்தவர்கள் ஒன்றென்று சொல்ல மாட்டார்கள்.

புவெர்ட்டோ ரிக்கோவின் மாவு மாவே அல்ல, துருவல். பச்சை வாழைக்காய், யவுட்டியா என்கிற சேப்பங்கிழங்கின் உறவுக் கிழங்கு, சில வீடுகளில் பூசணியும். காயின் பால் விரலில் கறையாக ஒட்டும். உப்பு நீரில் ஊறவைத்து உரித்தால் தொல்லை குறையும். மின் அரைப்பானில் போட்டால் வேலை சுருக்காக முடிகிறது, ஆனால் கூழ் வழவழவென்று ஆகி, துருவலில் கிடைக்கும் மெல்லிய மணல்தன்மை போய்விடுகிறது. பிறகு அச்சியோட்டே எண்ணெய். சிவப்பு விதைகளை எண்ணெயில் மிதமான தீயில் வைத்து, நிறம் இறங்கியதும் வடிகட்ட வேண்டும். முதல் தடவை நான் தீயைக் கூட்டிவிட்டேன். விதைகள் கருகி எண்ணெய் கசந்துவிட்டது. சரியாக வந்தால் சாம்பல் நிறக் கூழ் அந்த எண்ணெயில் செம்பொன்னாக மாறும். அதைப் பார்க்கும்போது துருவிய வலி மறந்துபோகும்.

டிரினிடாடின் வழி எளிது. மஞ்சள் சோளமாவில் வெந்நீர், வெண்ணெய், உப்பு சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய இலையில் வைத்து, கைப்பிடி போட்ட மரப்பலகையால் ஓர் அழுத்து அழுத்தினால் வட்டம் தயார். 1797 வரை ஸ்பெயினிடம் இருந்த தீவு அது. குறுகிய கடலுக்கு அப்பால் வெனிசுவேலா. அங்கிருந்து கொக்கோ தோட்டங்களுக்கு வந்தவர்களின் கைப்பக்குவம் இதில் நன்றாகவே தெரிகிறது. சோளமாவில் பூரணம் வைத்து இலையில் மடிக்கும் வெனிசுவேலாவின் அயாக்காவுக்கு இது நெருங்கிய சொந்தம்.

பூரணத்தில் புவெர்ட்டோ ரிக்கோ பன்றி இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கொண்டைக்கடலையோடு வேகவைக்கும். டிரினிடாட் கொத்திறைச்சியையே விரும்பும். மாடு, கோழி, சைவம் என எதுவும் உண்டு. பல மதத்தார் வாழும் தீவுக்கு அது பொருத்தம்தான். இரண்டிலும் மணம் தருவது ஒரே கீரை: முள் விளிம்புள்ள நீள இலைக் கொத்தமல்லி. புவெர்ட்டோ ரிக்கோவில் அதன் பெயர் ரெக்காவோ, டிரினிடாடில் சாடோ பெனி.

இலையில்தான் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நடு நரம்பை நீக்கி, தீயின் மேல் மெல்ல நகர்த்தினால் மங்கிய பச்சை சட்டென்று பளபளப்பாகும். அதன்பின் மடித்தாலும் கிழியாது. புவெர்ட்டோ ரிக்கோவில் வெளியே காகிதமும் சுற்றி, இரண்டிரண்டாக முகம் சேர்த்து நூலால் கட்டுவார்கள். அந்த ஜோடிக்கு யுண்ட்டா என்று பெயர், ஏரில் பூட்டும் மாட்டு ஜோடியையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். சிலர் இலையை விட்டுவிட்டுக் காகிதம் மட்டும் சுற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உப்பு நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்கும்போதுதான் இலையின் வாசம் ஈரத் துருவலுக்குள் இறங்குகிறது. பாஸ்டெலை அரை மணி நேரம் ஆவியில் வைத்தாலே போதும். சோளத்தின் சொந்த மணமே முந்தி நிற்கும்.

தனியாகச் செய்பவருக்கு, அதுவும் முதல் முறை என்றால், டிரினிடாட்தான். மாவு சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் சுவையில் என் ஓட்டு பாஸ்டெலெஸுக்கே. துருவ ஒருவர், இலை வாட்ட ஒருவர், கட்ட ஒருவர் என மூன்று பேர் கிடைக்கும் நாளில் ஐம்பதாகச் செய்து உறைபெட்டியில் வையுங்கள். எடுத்ததும் பனி இளகக் காத்திராமல் நேராகக் கொதிநீரில் போடுங்கள், இளகினால் மாவு குழைந்துவிடும்.