கட்டடங்களைக் காதால் கேட்பது: ஒரு பாட்காஸ்ட் அனுபவம்

சில வருடங்களாக நான் விடாமல் கேட்டுவருவது நியூ புக்ஸ் நெட்வொர்க் என்ற பாட்காஸ்ட் தொகுப்பின் கட்டடக்கலைப் பிரிவு. வரலாற்றாசிரியர் மார்ஷல் போ 2007-இல் வரலாற்று நூல்களுக்காக ஆரம்பித்தது, பிற்பாடு துறை துறையாகக் கிளைவிட்டுப் பெரிதானது. புதிதாக வந்த ஆய்வு நூலை எழுதியவருடன் சுமார் ஒரு மணி நேரப் பேச்சு. கேட்கக் காசு கிடையாது.

பேட்டி எடுப்பவரே கட்டடக்கலை வரலாற்றாசிரியராக இருக்கும் எபிசோடுகளைத்தான் தேடிப் பிடிப்பேன். கட்டடம் அழகாக இருக்கிறதா என்பதில் அவர் நிற்பதில்லை. யார் பணம் போட்டார்கள், வரைபடம் எந்தக் காப்பகத்தில் கிடைத்தது, வரைந்தபடியே கட்டினார்களா, குடிவந்தவர்கள் அப்புறம் எதையெல்லாம் மாற்றினார்கள் என்று தோண்டிக்கொண்டே போவார். கேள்வி கேட்பவருக்கு விஷயம் தெரியும் என்பதால் நூலாசிரியரும் அடிக்குறிப்பில் ஒதுக்கியதைக்கூட மனம்விட்டு விரித்துச் சொல்வார்.

கேட்கக் கேட்க இந்தக் கேள்விகள் நமக்கும் தொற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மினோரு யமசாகி வடிவமைத்த 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அது புழுதியோடு சரியும் புகைப்படத்தை நவீனக் கட்டடக்கலையின் தோல்விக்குச் சாட்சியாகக் காட்டுவது வழக்கம். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. வாடகையிலிருந்துதான் வரவேண்டும். நகரமோ மக்களை இழந்துகொண்டிருந்தது. வீடுகள் காலியாகக் காலியாக வாடகை குறைந்தது, பழுதுபார்க்கவும் வழியில்லாமல் போனது. சிக்கனத்துக்காக லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் படியேற வேண்டும். இத்தனையும் அந்த ஒரு புகைப்படத்தில் எங்கே தெரியப்போகிறது?

ஒலி வடிவத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு குறுக்குவெட்டு வரைபடத்தைப் பற்றி நீளமாகப் பேசும்போது அது கண்முன் இல்லாவிட்டால் பேச்சு பிடிபடாது. அதனால் கேட்கும் முன்பே அந்தக் கட்டடத்தின் தரைத்தள வரைபடத்தையும் நாலைந்து படங்களையும் தேடித் திறந்து வைத்துக்கொள்வேன். பஸ்ஸில் போகும்போது கேட்பதெல்லாம் சரிப்படாது.

பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கெட்டி அட்டைப் பதிப்புகள் பல, சில ஆயிரம் ரூபாய் விலைக்கு வருகின்றன. நூலகத்தில்கூட எளிதில் கிடைக்காத அந்த நூல்களின் வாதத்தை எழுதியவர் வாயாலேயே கேட்பது எனக்குப் பெரிய பேறு. ஆனால் நூலின் படங்களுக்கும் சான்றுகளுக்கும் இந்தப் பேச்சு ஈடாகாது. வாய்த்தால் புத்தகத்தையே படித்துவிடுங்கள்.

முடிவில் பெரும்பாலும் "அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள். இன்னும் அச்சேறாத ஆய்வு, யாரும் பிரித்துப் பார்க்காத ஆவணக் கட்டு என்று சூடான செய்திகள் வருவது அந்தக் கடைசி நிமிடங்களில்தான். புதியவர்கள் வரிசைப்படி கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தெரிந்த ஊரையோ கட்டடத்தையோ பற்றிய எபிசோடிலிருந்து ஆரம்பியுங்கள்.