பழைய பின்பால் மெஷினில் மின்கோளாறு: ரிலே வகையா, போர்டு வகையா?

1977இல் அமெரிக்காவின் பேலி நிறுவனம் ‘ஈவல் கனீவல்’ பின்பாலை (இரும்புக் குண்டை அடித்து ஆடும் விளையாட்டு மெஷினை) இரண்டு விதமாக வெளியிட்டது. ஒன்று ரிலேயும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஸ்கோரைக் காட்டும் எண் சக்கரங்களும் கொண்ட பழைய வகை. இன்னொன்று மோட்டரோலா 6800 சிப் வைத்த போர்டு வகை. மேலே ஆட்டம் ஒன்றுதான், ஆனால் உள்ளே கோளாறைத் தேடும் வழி முற்றிலும் வேறு.

ரிலே வகைதான் எளிது என்பார்கள், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று. இதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் ஸ்கோர் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று வையுங்கள். எல்லா எண் சக்கரமும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் அது நிற்கும். ஒரு சக்கரம் மட்டும் 4இல் மாட்டியிருந்தால் குற்றவாளி கையில். எல்லாம் பூஜ்யத்தில் இருந்தும் ஓடினால்தான் தலைவலி. ஏதோ ஒரு சக்கரத்தின் பூஜ்ய சுவிட்ச் நிலை மாறவில்லை, தகடு லேசாக வளைந்திருக்கும். நூற்றுக்கணக்கான சுவிட்ச் முனைகளில் ஒன்று அழுக்கேறி, பத்து முறைக்கு ஒரு முறை மட்டும் மக்கர் செய்தால், சர்க்யூட் படத்தை விரித்து ஒவ்வொரு கோடாகப் போவதைத் தவிர வழியில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட்டால் வேலை சுலபம். மின்சாரத்தைத் துண்டித்து, வெள்ளி முனையை மெல்லிய அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு இழுத்து, இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

அதே அரத்தைப் போர்டு வகையின் சுவிட்சில் வைத்துவிடாதீர்கள். அதில் தங்கப் பூச்சு. ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்தாலே அழுக்கு வந்துவிடும்.

போர்டு வகையின் பெரிய பலம், அது தானே பேசும். மெஷினைப் போட்டதும் முதன்மை போர்டில் இருக்கும் சின்ன எல்இடி ஒரு சிமிட்டலுக்குப் பிறகு ஏழு முறை மின்ன வேண்டும். ஒவ்வொரு மின்னலும் ஒரு சோதனை தேறியதற்கு அடையாளம். நான்கோடு நின்றால் யு11 என்ற சிப்பையும் அதன் சாக்கெட்டையும் பாருங்கள். ஆறோடு நின்றால் போர்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். சோலினாய்டுகளுக்கான (குண்டைத் தள்ளும் மின்காந்தச் சுருள்கள்) 43 வோல்ட் வரவில்லை என்று பொருள். முதலில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையர் போர்டின் பியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும். ஒன்றுமே மின்னவில்லையா? 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரை வையுங்கள். அப்புறம் கனெக்டர் பின்களின் சால்டரில் முடி போன்ற விரிசல் இருக்கும், அதைத் திரும்பச் சால்டர் செய்யுங்கள்.

இதன் ஆபத்துகளும் தனி. எண் டிஸ்பிளேக்கு 190 வோல்ட் அளவுக்குப் போகிறது, அங்கே விரல் வைக்கவே கூடாது. ஒரு சோலினாய்டு இழுத்த இழுப்பில் அப்படியே நின்றுவிட்டால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். உடனே அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும்.

சால்டரிங் வராதவருக்கு ரிலே வகை. வருகிறவருக்கு, என் பார்வையில், சந்தேகமில்லாமல் போர்டு வகை. எங்கே தேட வேண்டும் என்பதே பாதி வேலை, அதை எல்இடி செய்துவிடுகிறது. ஒரே நிபந்தனை பேட்டரி. போர்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்தால் செப்புத் தடங்களை அரித்துவிடும், அதன்பின் கோளாறு எங்கெங்கோ முளைக்கும். வாங்கப் போகும்போது முதலில் அந்த மூலையில் டார்ச் அடியுங்கள். பச்சை படிந்திருந்தால், புது மாற்றுப் போர்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.