அடைமழையில் தேனீப் பெட்டி: சாக்கா, தார்ப்பாயா, காற்றுத்துளையா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அது ஓய்ந்த கையோடு பண்ருட்டி முந்திரி பூக்கத் தொடங்கிவிடும். பூஞ்சணம் பிடித்த தேனடைகளோடு மழையைத் தாண்டிய கூட்டம் அந்தப் பூப் பருவத்துக்குள் தேறிவிடாது.

குளிர்நாடுகளில் தேனீக்களின் மூச்சு ஈரம் குளிர்ந்த மூடியில் பட்டுச் சொட்டுவதுதான் பிரச்சினை. நம்மூரில் மூடி அவ்வளவு குளிராது. சாரல் வாசல் வழியாக வருகிறது, பலகை ஊறுகிறது, வெளிக்காற்றே ஈரமாக இருக்கிறது.

அதனால்தான் உள்மூடிமேல் கோணிச்சாக்கும் மரச்சீவலும் பரப்பும் முறை இங்கே எடுபடாது. உறிஞ்சிய ஈரம் காய வழியில்லை. சில நாளில் சாக்கிலேயே பூஞ்சணம் பூக்கும். தினமும் மாற்றலாமென்றால், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்தால் அடுக்குத் தேனீ (பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ) பெட்டியை விட்டே ஓடிவிடும்.

தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினால் நல்லது: பெட்டியைத் தொடாமல் ஒரு சாண் மேலே, முன்பக்கம் அரை அடி நீட்டி. நாலு பக்கமும் சுற்றிவிட்டால் உள்ஈரம் வெளியேறாது. புயலன்று மட்டும், வாசலை விட்டு மூன்று பக்கம் சுற்றிக் கயிற்றால் இறுக்கலாம். காற்று அடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும்.

காற்றுத்துளைக்கே நம் ஓட்டு. இத்தாலியத் தேனீ வாசலில் உள்நோக்கி நின்று விசிறி, காற்றை வெளியே இழுக்கும். நம் அடுக்குத் தேனீ வெளிநோக்கி நின்று, காற்றை உள்ளே தள்ளும். தள்ளிய காற்று வெளியேற மேலே வழி வேண்டும். உள்மூடியின் நடுவிலும் மேல்மூடியின் பின்சுவரிலும் 2 செ.மீ. துளை போட்டு நுண்வலை அடித்தால் போதும். வலை இல்லாவிட்டால் மெழுகு அந்துப்பூச்சி நுழையும். அடுக்குத் தேனீ இடுக்கடைக்கும் பிசின் சேர்ப்பதில்லை, ஆகவே தேவையற்ற இடுக்குகளை நாம்தான் அடைக்க வேண்டும்.

எந்த முறையானாலும், தேனீ மூடாத அடையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். அதிலும் மகரந்தம் உள்ள அறைகள் முதலில். ஏழு சட்டம் (அடை கட்டும் மரச்சட்டம்) கொண்ட நியூட்டன் வகைப் பெட்டியில் ஐந்து சட்டத்துக்குத்தான் கூட்டம் என்றால், மழைக்கு முன்பே இரண்டை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை வையுங்கள். காலியான தேன் அறையையும் (பெட்டியின் மேலடுக்கு) இறக்கிவிடுங்கள். பெட்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் அடிப்பலகையில் தண்ணீர் தேங்காது.

கிழக்குப் பார்த்த வாசல் இந்தப் பருவத்தில் சாரலை நேரே வாங்கும். செப்டம்பரிலேயே தினம் கொஞ்சமாகத் தெற்கே திருப்புங்கள். ஒரே நாளில் திருப்பினால் வெளியே போன தேனீக்கள் வாசல் தெரியாமல் தடுமாறும்.

அடையில் மெல்லிய வெண்படலம் மட்டும் என்றால் பலமான கூட்டம் தானே துடைத்துவிடும். மகரந்தம் இறுகிப் புளிச்ச வாடை வந்தால் அந்த அடையை உருக்கிவிடுவதே சரி.