லெகோ ரயில்: தண்டவாளத்தில் மின்சாரமா, பெட்டிக்குள் பேட்டரியா?

ஒரு பள்ளி அரங்கில் இரண்டு நாள் கண்காட்சி. காலை பத்து மணிக்கு இரண்டு ரயில்களையும் ஒன்றாகவே கிளப்பினேன். வெளிவட்டத்தில் 9 வோல்ட் ரயில்; தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பழைய வகை. உள்வட்டத்தில் பவர்டு அப் ரயில். வயிற்றில் ஆறு பேட்டரி, கட்டுப்பாடு புளூடூத்தில். மாலை ஆறு மணிக்குள் உள்வட்ட ரயில் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் பேட்டரி தீர்ந்துதான். வெளிவட்ட ரயில் நின்றது ஒரே ஒரு முறை. தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் மோட்டார் அச்சில் நீளமான தலைமுடி ஒன்று ஏழெட்டுச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. ட்வீசரால் இழுத்து எடுத்ததும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

இதோடு விஷயம் முடிந்தது, 9 வோல்ட்தான் சிறந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாள் முழுக்க ஏழெட்டு வயதுக் குழந்தைகள் மொய்த்தது உள்வட்டத்தின் பக்கம்தான். ரிமோட்டைக் கையில் கொடுக்க முடிந்தது அங்கேதான். கூட்டல் பட்டனை அழுத்தினால் வேகம், கழித்தலை அழுத்தினால் நிதானம், நடுவில் சிவப்பு பட்டனை அழுத்தினால் நிறுத்தம். வெளிவட்ட ரயிலை யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதனால் லெகோ ரயில் ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பவர்கள் "எந்த செட் வாங்கலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள்? ரிமோட் யார் கையில் இருக்கப் போகிறது? பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

லெகோவின் முதல் ரயில்கள் வந்தது 1966இல், நீலத் தண்டவாளத்தோடு. 4.5 வோல்ட் பேட்டரியில் ஓடின. 1969இல் 12 வோல்ட் வந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மின்சாரத்துக்கென்று தனிப் பட்டை. 1980இல் தண்டவாளம் சாம்பல் நிறமானது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயிண்ட் (ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடம்) மாற்றலாம், சிக்னல் போடலாம் என்ற அளவுக்கு 12 வோல்ட் வளர்ந்தது. அந்தக் காலகட்டத்தின் அழகை இன்று வரை வேறெதுவும் எட்டவில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு 12 வோல்ட் சரிப்படாது. உதிரிபாகத்துக்குப் பழைய சேகரிப்பாளர்களைத்தான் தேடிப் போக வேண்டும். இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்று: தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். 1966இன் சக்கரம் இன்றைய தண்டவாளத்திலும் உருளும்.

1991இல் வந்த 9 வோல்ட் முறையில் நடுப்பட்டை போய்விட்டது. பிளாஸ்டிக் தண்டவாளத்தின் மேல் உலோகத் தகடு போர்த்தியிருக்கும். மோட்டாரின் உலோகச் சக்கரம் அதிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும். சுவரில் டிரான்ஸ்ஃபார்மர், மேசையில் ஒரு திருகு, அவ்வளவுதான். திருகை மெல்லத் திருப்ப, ஸ்டேஷனை விட்டு ரயில் நகர்கிற விதம் தனி சுகம். 2007இல் இந்த முறையைக் கைவிடுவதாக லெகோ அறிவித்தபோது உலகெங்கும் உள்ள ரசிகர்கள் கொதித்ததற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே.

இதன் சிக்கல்கள் வாங்கிய பிறகுதான் தெரியும். ஒரு நேர்த் தண்டவாளத் துண்டின் நீளம் 128 மி.மீ. பத்து மீட்டர் சுற்றளவுள்ள பாதை என்றால் ஏறத்தாழ 78 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் உலோகத்தை உலோகம் தொட்டுக்கொண்டிருப்பதுதான். சற்று நெகிழ்ந்தாலும் அந்த இடத்தில் வோல்டேஜ் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் பாய்கிற ரயில் எதிர்முனையில் நடக்கும். எதிர்ப்பக்கத்திலும் இன்னொரு ஒயர் கொண்டுபோய் மின்சாரம் கொடுப்பதுதான் வழி. அப்போது எந்தத் தண்டவாளத்துக்கு எந்த முனை என்பது மாறிவிடக் கூடாது. துடைப்பதும் ஓயாத வேலை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கும் மின்விசிறி இறக்கும் தூசிக்கும் உலோகம் மங்கிவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணி போதும். அவசரத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அந்தத் துண்டு அப்புறம் எப்போதும் தகராறுதான்.

இன்னொன்று, திட்டம் போடும்போதே கவனிக்க வேண்டியது. ரயில் போய்ச் சுற்றித் திரும்பி, வந்த பாதையிலேயே மறுபடி சேர்கிற மாதிரியான வளையத்தை 9 வோல்ட்டில் அப்படியே போட முடியாது. திரும்பி வரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு சேர்ந்துவிடும். அது நேரடி ஷார்ட். பேட்டரி ரயிலுக்கு இந்தக் கவலையே கிடையாது. 2013இல் டென்மார்க்கில் ரசிகர்கள் 4 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் போட்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். அது முழுக்க பிளாஸ்டிக் தண்டவாளம். அவ்வளவு தூரத்துக்கு உலோகத் தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் பழைய 9 வோல்ட் செட் தேடுகிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு பிளக்கில் செருகினால் அதோடு சரி.

இடையில் வந்த பேட்டரி முறையான பவர் ஃபங்ஷன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலுக்கு 2009 வாக்கில் வந்தது. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் இயங்குவது. ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது என்பதால் இன்ஜின் கூரையில் ரிசீவரின் கறுப்புக் கண் வெளியே தெரிய வேண்டும். பார்த்துப் பார்த்துக் கட்டிய இன்ஜினில் அது உறுத்தும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் ரிமோட் சொல்வதைக் கேட்காது. மொத்தம் நான்கே சேனல். கண்காட்சியில் பக்கத்து மேசைக்காரரும் அதே சேனலில் இருந்தால் அவர் பட்டனுக்கு உங்கள் ரயில் நிற்கும். அதில் ஒரே ஒரு நல்ல விஷயம், பிளக் மேல் பிளக் அடுக்கலாம். ஒரே இணைப்பில் இரண்டு மோட்டார், விளக்கு எல்லாம் போடலாம். சல்லிசாகக் கிடைத்தால் வாங்குங்கள். தேடிப் போக வேண்டாம்.

இன்றைய நிஜமான போட்டி 9 வோல்ட்டுக்கும் 2018இல் வந்த பவர்டு அப்புக்கும் நடுவேதான். பேட்டரிப் பெட்டியும் ரிசீவரும் சேர்ந்து ஒரே ஹப். எட்டு ஸ்டட் (கட்டையின் மேலுள்ள குமிழ்; லெகோவில் அளவுகோல் அதுதான்) நீளம், நான்கு ஸ்டட் அகலத்தில் அடங்கிவிடும். புளூடூத் என்பதால் கூரையை முழுதாக மூடலாம். ஒரே பாதையில் இரண்டு ரயிலை இரு வேறு வேகத்தில் ஓட்டலாம். சாதாரண 9 வோல்ட் அமைப்பில் இது நடக்காது. ஒரே சுற்றில் இரண்டு ரயில் வைத்தால், திருகைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும்.

ஹப்பில் இரண்டே இணைப்புகள். பிளக்கை அடுக்கவும் முடியாது. ஒரு மோட்டார், ஒரு விளக்கு, தீர்ந்தது. இரண்டு மோட்டார் வேண்டுமென்றால் விளக்கை மறந்துவிட வேண்டும்.

பேட்டரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். டிரிபிள் ஏ ஆறு. சாதாரண அல்கலைன் ஒன்றுக்கு 1.5 வோல்ட், மொத்தம் 9. சார்ஜ் ஏற்றக்கூடியது ஒன்றுக்கு 1.2, மொத்தம் 7.2. அதாவது சார்ஜ் பேட்டரி போட்டால் அதிகபட்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் அது கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராக ஓடிவிட்டுத் திடீரென நிற்கும். அல்கலைன் முதல் அரை மணி நேரம் பறந்துவிட்டுப் பிறகு மெல்ல மெல்லத் தளரும். நான் சார்ஜ் பேட்டரிதான் போடுகிறேன். என் ஐந்து பெட்டி ரயிலுக்கு ஒரு செட் இரண்டரை மணி நேரம் வருகிறது. அது தீர்ந்ததும் கூரையைக் கழற்றி, ஹப்பை எடுத்து, ஆறு பேட்டரியையும் மாற்றி, மறுபடி மூட வேண்டும். ஆகவே இன்ஜின் கட்டும்போதே கூரை ஒரே துண்டாகக் கழன்று வருகிற மாதிரி நான்கு ஸ்டட்டில் மட்டும் பிடிமானம் கொடுங்கள். முதல் இன்ஜினில் நான் இதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முப்பது சில்லறைக் கட்டைகளைப் பிய்க்க வேண்டியிருந்தது.

இழுவையில் பேட்டரி ரயிலுக்கு ஓர் அனுகூலம் உண்டு. பவர்டு அப் மோட்டாரின் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது. மேலே பேட்டரியின் எடையும் அழுத்துகிறது. மேம்பாலம் மாதிரி ஏற்றம் வைத்தால் இது பிடித்து ஏறும். 9 வோல்ட் மோட்டாரின் வழவழப்பான உலோகச் சக்கரம் அதே இடத்தில் வழுக்கும். சமதளத்தில் அது பிரச்சினையில்லை.

பைபிரிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஹப்பில் ஏற்றிவிட்டால் போன் கூட வேண்டாம். ஹப்பே நிரலை வைத்துக்கொண்டு ஓடும். மோட்டாரை ஓர் இணைப்பிலும் நிறம் பார்க்கும் சென்சாரை இன்னோர் இணைப்பிலும் மாட்டி, ஸ்டேஷன் முன்னால் தண்டவாளத்தின் நடுவே ஒரு சிவப்புத் தகட்டை வைத்தால், ரயில் அங்கே தானாக வேகம் குறைந்து, நின்று, பத்து விநாடி கழித்துக் கிளம்பும். கண்காட்சியில் ரயில் நடைமேடையில் வந்து நிற்கும்போது கூட்டத்திலிருந்து வருகிற அந்த "ஆ!" வேறெதற்கும் வருவதில்லை.

மோட்டாரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், லேஅவுட் பார்க்க நிஜம்போல் இருப்பதும் பொம்மைபோல் இருப்பதும் வளைவின் கையில் இருக்கிறது. லெகோ தருவது ஒரே வளைவுதான். ரசிகர்கள் அதை ஆர்40 என்பார்கள்; ஆரம் 40 ஸ்டட், அதாவது 320 மி.மீ. பதினாறு துண்டு சேர்ந்தால் முழு வட்டம். சாப்பாட்டு மேசையில் அடங்கும், உண்மைதான். ஆனால் அதில் நீளமான பெட்டி திரும்புவதைப் பார்க்கச் சகிக்காது. அமெரிக்காவின் பிரிக்டிராக்ஸ், போலந்தின் டிரிக்ஸ்பிரிக்ஸ் போன்றவர்கள் ஆர்56, ஆர்72, ஆர்88, ஆர்104 என்று அகல வளைவுகள் செய்கிறார்கள். பதினாறு பதினாறாகக் கூடுவதற்குக் காரணம், பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் மையங்களுக்கு இடையே லெகோ வைத்த தூரம் 16 ஸ்டட். எஃப்எக்ஸ் பிரிக்ஸ் என்ற நிறுவனத்தின் புண்ணியத்தில் உலோகத் தண்டவாளமும் இப்போது அகல வளைவுகளில் கிடைக்கிறது.

இந்திய ரயில் கட்ட நினைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். லெகோ தண்டவாள அகலம் ஏறத்தாழ 37.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட 1:45. அந்த அளவில் பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டியின் அகலம் கணக்காக 9 ஸ்டட் வருகிறது, நீளம் 60 ஸ்டட். இவ்வளவு கச்சிதமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த முழு நீளப் பெட்டி ஆர்40 வளைவில் திரும்பும்போது அதன் நடுப்பகுதி தண்டவாளத்தின் மையத்திலிருந்து உள்பக்கமாக 46 மி.மீ. விலகும், ஏறக்குறைய ஆறு ஸ்டட். உள்ளே நிற்கிற சிக்னல் கம்பம், நடைமேடை, பொம்மை மனிதன் எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் போகும். அதே பெட்டி ஆர்104இல் விலகுவது 17 மி.மீ.க்கும் குறைவு. ஆனால் ஆர்104 அரைவட்டத்துக்கு 1.66 மீட்டர் அகலம் வேண்டும். என்னிடம் அந்த இடமில்லை. 8 ஸ்டட் அகலம், 42 ஸ்டட் நீளம் என்று பெட்டியைச் சுருக்கினேன். அடர்நீலத்தில் ஜன்னல் வரிசைக்கு மட்டும் வெளிர்நீலம் ஓட்டியதும், பார்க்கிறவர்கள் யாரும் நீளத்தை எண்ணுவதில்லை. "எங்க ஊருக்குப் போற வண்டி" என்கிறார்கள்.

தரையில் போடுவதா, மேசையில் போடுவதா என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. உலோகத் தண்டவாளமானால் மேசைதான்; தரைத் தூசி அதற்கு எமன். பேட்டரி ரயிலைத் தரையில் போட்டு, ஓட்டி, சாயங்காலம் பெட்டியில் அள்ளிப் போட்டுவிடலாம்.

எதை வாங்குவது? வீட்டில் குழந்தைகளோடு மாலையில் அரை மணி ஓட்டுவதற்குப் பவர்டு அப், யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு வட்டம், பார்வையாளர் முன் நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் 9 வோல்ட், செலவு கூடினாலும். இரண்டும் வேண்டும், எது முதலில் என்று குழம்புகிறவர்கள் கையில் பணம் இருந்தால் உலோகத் தண்டவாளத்திலிருந்து தொடங்குங்கள். பேட்டரி ரயில் உலோகத் தண்டவாளத்திலும் தாராளமாக ஓடும். 9 வோல்ட் ரயில் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் ஓர் அங்குலம் நகராது.

அடுத்த கண்காட்சிக்கு என் உள்வட்டத்திலும் பேட்டரி ரயில்தான். இந்த முறை இரண்டு ஹப், இரண்டு இன்ஜின். ஒன்று ஓடும்போது மற்றது ஷெட்டில் பேட்டரி மாற்றிக்கொண்டு நிற்கும். ஷெட்டை ஆர்56 வளைவுக்கு உள்ளே, ரிமோட் வைக்கும் மூலையிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் மாற்றுவதையும் குழந்தைகளே செய்யலாம்.