மதுரையிலிருந்து அரிச்சல்முனை வரை: ஸ்விஃப்ட் காரின் மைலேஜ் எவ்வளவு?

மாருதி சுசுகி 2024 மே மாதம் வெளியிட்ட நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட், ஐந்து கியர் மேனுவல் வகையில் லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர் தரும் என்பது சான்றளிக்கப்பட்ட அளவு. அந்த எண் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் காரை ஓடவிட்டு எடுக்கப்படுவது. அங்கே கடற்காற்று இல்லை, பின் இருக்கையில் குழந்தைகள் இல்லை, டிக்கியில் பைகளும் இல்லை. ஆகவே, பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறன்று நாங்கள் நால்வரும் மதுரையிலிருந்து இராமேசுவரம் சென்று திரும்பியபோது, காரின் திரை காட்டும் எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் டேங்கை நிரப்பி நானே கணக்கிட்டேன். பங்கில் குழாய் தானாக நின்ற பிறகு ஒரு சொட்டும் கூடுதலாக ஊற்றச் சொல்லவில்லை.

போகும்போது 176 கிலோமீட்டருக்கு 8.3 லிட்டர் செலவானது. அதாவது லிட்டருக்கு 21.2. மானாமதுரையைக் கடந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலையில் 95, 100 என்ற வேகத்தில் ஓட்டினேன். பரமக்குடிக்குப் பிறகு சாலை இருவழியாகக் குறுகி, லாரிகளை முந்துவதற்குக் காத்திருக்க நேர்ந்தது. மூன்றாம் கியருக்கு இறக்கினால் இந்த 1.2 லிட்டர் எஞ்சின் தயக்கமின்றி எழுகிறது. நால்வர் அமர்ந்திருந்தும் முந்துவதில் எனக்கு அச்சம் ஏற்படவில்லை.

எதிர்பார்த்ததைவிட மைலேஜ் குறைந்ததற்கான காரணத்தை இராமேசுவரத்தில் விடுதி வாசலில்தான் கண்டுபிடித்தேன். புறப்படும்முன் ஒரு பங்கில் நான்கு டயர்களுக்கும் காற்று அடித்திருந்தோம். கையிலிருந்த சிறிய அளவுமானியை வைத்துப் பார்த்தபோது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் குறிப்பிட்டதைவிட ஒவ்வொன்றிலும் ஐந்து பிஎஸ்ஐ குறைவாக இருந்தது. அந்தப் பங்கின் இயந்திரம் தவறாகக் காட்டியிருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகம் நசுங்கி உருள்வதால் எஞ்சின் வீணாக உழைக்கிறது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் அளவுமானியை நீண்ட பயணம் போகும் ஒவ்வொருவரும் காரில் வைத்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மற்றொரு காரணம் காற்று. இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிக் கிழக்கே திரும்பியதும், வடகிழக்கிலிருந்து வந்த காற்று முகப்பில் மோதத் தொடங்கியது. எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீசினால், 80 இல் போகும் கார் 100 இல் போகும்போது சந்திக்கும் எதிர்ப்பையே சந்திக்கிறது. அந்த எதிர்ப்பு, காற்றில்லாத நாளில் 80 இல் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 1988 இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியபோது பக்கவாட்டுக் காற்றை ஸ்டீயரிங்கிலேயே உணர முடிந்தது. எடை குறைந்த எந்தக் காருக்கும் இது பொருந்தும். அங்கே 50 ஐத் தாண்டாமல் செல்வதே நல்லது. 2025 இல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் பாலத்தின் நடுவில் காரை நிறுத்துபவர்கள் பின்னால் வருபவர்களை ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள்.

தீவுக்குள் சுற்றிய 74 கிலோமீட்டருக்கு 4.2 லிட்டர், அதாவது லிட்டருக்கு 17.6 தான். கோயிலைச் சுற்றிய நெரிசலும், வெயிலில் ஏசியை ஓடவிட்டு நின்றதும் இதற்குப் போதுமான காரணங்கள். தனுஷ்கோடிச் சாலையோ அந்தச் செலவுக்கு முழுத் தகுதியுடையது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைக் கடந்ததும், இருபுறமும் கடல் நெருங்கி வர, தார்ச்சாலை அரிச்சல்முனையின் அசோகத் தூண் வரை நேராக நீள்கிறது. காற்று வாரி வந்த மணல் சாலையின் ஓரங்களில் மெல்லிய படிவாகக் கிடந்தது. 163 மில்லிமீட்டர் தரை இடைவெளி கொண்ட இந்தக் காரைத் தாரைவிட்டு மணலில் இறக்கக் கூடாது. அருகே ஒரு கார் முன்சக்கரம் பாதி புதைந்து நின்றதையும், நான்கு பேர் அதைத் தள்ளியதையும் பார்த்தோம்.

திரும்பும்போது டயர்களில் சரியான காற்று, பின்னாலிருந்து தள்ளும் கடற்காற்று, ஐந்தாம் கியரில் 80 ஐத் தாண்டாத வேகம். 178 கிலோமீட்டருக்கு 7.3 லிட்டர், லிட்டருக்கு 24.4. மூன்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றாலும், சான்றளித்த அளவுக்கு இவ்வளவு அருகில் வந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. மொத்தம் 428 கிலோமீட்டருக்கு 19.8 லிட்டர், லிட்டருக்கு 21.6. டேங்கின் கொள்ளளவு 37 லிட்டர் என்பதால், கணக்குப் பார்க்காதவர்கள் வழியில் பங்கைத் தேடாமலே போய்வரலாம்.

265 லிட்டர் டிக்கியில் நால்வருக்கு இரண்டு நாள் உடைகள் அடங்கின. கடற்கரைக்கான பாயும் பந்தும் பிள்ளைகளின் காலடிக்குத்தான் போயின. ஐந்தாவதாக ஒருவர் வருவதாயின் இதைவிடப் பெரிய கார் தேவை. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாகக் கடற்கரைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீடு வந்ததும் கண்ணாடியில் விரலால் தொட்டால் வெண்மையாக ஒட்டும் உப்புப் படலத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காரின் அடிப்பாகத்தையும் அன்றே கழுவிவிடுங்கள்.